பச்சைத் தாளும் நின்றுபோன பேனாவும்

ரயில்வேயில் 'பிளாக்' என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் உண்டு. தண்டவாளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ அந்தப் பாதையில் வண்டி எதுவும் வராமல் நிறுத்தி வைப்பார்கள். அதுதான் டிராஃபிக் பிளாக். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது தடை. எங்களுக்கு அதுதான் வேலை நேரம். எழுத உட்கார்ந்தவனுக்குப் பேனா ஓடாமல் நின்றுபோவதை 'ரைட்டர்ஸ் பிளாக்' என்கிறார்கள் என்று என் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1947-ல் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயராம். கதை, கவிதை எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி என்றுதான் பொதுவாக அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆபீஸில் நோட் எழுதுகிறவனுக்கும் அது வரும். இன்னும் மோசமாக வரும். கதை எழுதாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நோட் எழுதாவிட்டால் மழைக்காலம் வந்துவிடும்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, இருப்புப் பாதைப் பராமரிப்பிலேயே 38 வருஷம் ஓட்டியவன். பி.டபிள்யூ.ஐ. என்று அப்போது பெயர். இப்போது சீனியர் செக்ஷன் இன்ஜினியர் என்கிறார்கள். உதவிக் கோட்டப் பொறியாளராக 2018-ல் ஓய்வு பெற்று இந்த நாக்பூரிலேயே தங்கிவிட்டேன். நான் எழுத்தாளன் அல்ல. ஆனால் நோட், எஸ்டிமேட், விசாரணை அறிக்கை, விளக்கக் கடிதம் என்று நான் எழுதிய தாள்களை அடுக்கினால் ஒரு வேகன் நிறையாவிட்டாலும் ஒரு தள்ளு டிராலி நிறையும். இப்போது நம் சங்கத்துக்கு வரும் பிள்ளைகள், ரயில்வேயில் இருப்பவர்கள் மட்டுமல்ல, வங்கியிலும் கம்பெனியிலும் இருப்பவர்களும், கையில் ஒரு காகிதத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றே: "விஷயம் எல்லாம் தெரியும் சார். எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. இங்கிலீஷ்தான் தகராறு."

இங்கிலீஷ் தகராறு என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. நமக்கு மூன்று மொழிச் சுமை இருப்பது உண்மை. யோசிப்பது தமிழில், ஆட்களிடம் பேசுவது ஹிந்தியில் (இந்தப் பக்கம் பாதி மராட்டியும் கலந்து), ஃபைலில் எழுதுவது இங்கிலீஷில். ஆனாலும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்திருக்கிறேன். "சரி, இங்கிலீஷ் வேண்டாம். இந்தாருங்கள் வெள்ளைத் தாள், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்" என்பேன். அப்போதும் அதே முழிதான். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தேதியும் 'ஐயா' என்பதும் மட்டும் இருக்கும். மொழி காரணமாக இருந்தால் தமிழில் ஓட வேண்டுமே! ஓடவில்லை என்றால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே என்று கேட்டால், என் அனுபவத்தில் இரண்டு இடங்களில். ஒன்று, நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம் இன்னும் தீர்மானிக்காமல் இருப்பது. இன்னொன்று, சாமான் வந்து சேராமல் இருப்பது.

சாமான் என்கிறேனே, அதை விளக்கிவிடுகிறேன். டிராஃபிக் பிளாக் கிடைப்பது லேசான காரியமல்ல. கெஞ்சிக் கூத்தாடி வாங்க வேண்டும். ஆகவே பிளாக் தொடங்குவதற்கு முன்பே புதிய தண்டவாளம் பாதையோரத்தில் இறங்கியிருக்கும். ஃபிட்டிங் எண்ணிவைக்கப்பட்டிருக்கும். வெட்டுகிற மெஷினுக்கு டீசல் ஊற்றியாயிற்றா என்று பார்த்திருப்போம். பிளாக் ஆரம்பித்த பிறகு ஒரு போல்ட்டைத் தேடி ஆள் ஓடினால் அந்த மேற்பார்வையாளரை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் அதே மேற்பார்வையாளர் எழுத உட்காரும்போது மட்டும் வெறுங்கையோடு உட்காருவார். எந்தத் தேதி, எத்தனை மீட்டர், போன தடவை யார் உத்தரவு போட்டார்கள் என்று எதுவும் மேஜைமேல் இருக்காது. 'எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பார். எழுதும்போது பார்த்துக்கொள்ள முடியாது. தேடுகிற புத்தி வேறு, எழுதுகிற புத்தி வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது.

ஒரு நிஜமான கேஸைச் சொன்னால் விளங்கும். விதர்ப்பாவின் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். இந்த மண்ணில் மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களை, கட்டிங் என்போம், மழைக்காலத்தில் காப்பாற்றுவது பெரும்பாடு. தண்ணீர் வடியாமல் நின்றால் வண்டி போகும் ஒவ்வொரு முறையும் கீழேயுள்ள சேறு மேலே ஏறி ஜல்லியோடு கலக்கும். ஜல்லி இறுகிவிட்டால் பாதையின் மட்டம் நிற்காது. உடனே வேகக் கட்டுப்பாடு போட வேண்டியதுதான். என்னிடம் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இருந்தார், நல்ல வேலைக்காரர். அப்படிப்பட்ட ஒரு கட்டிங்குக்கு நோட் எழுதச் சொல்லி மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. வரவழைத்துப் பார்த்தால், "மேற்படி பிரிவில் உள்ள மண் கரிசல் மண் என்பதும், அதன் குணங்கள் யாவரும் அறிந்ததே என்பதும்" என்று இங்கிலீஷில் தொடங்கி ஒன்பது வரியில் நின்றிருந்தது. அதே மாதிரி ஆரம்பித்துக் கிழித்துப் போட்ட தாள்கள் ஐந்தாறு இருந்தன.

நான் சொன்னேன்: "எழுதறதை விடுப்பா. கோட்டப் பொறியாளர் உன் எதிரே உட்கார்ந்திருக்கார்னு வெச்சுக்கோ. என்ன வேணும்னு கேட்கறார். சொல்லு."

"ஜல்லியைத் தோண்டிச் சலிக்கணும் சார்."

"எவ்வளவு நீளத்துக்கு?"

"400 மீட்டர்."

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி. ஓரத்துல வடிகாலும் வெட்டணும் சார். இல்லேன்னா சலிச்சதும் வீண்."

"அவ்வளவுதானே?"

"அடியோட சரி பண்ணணும்னா மண்ணுக்கு மேல பிளாங்கெட் அடுக்கும் போடணும் சார்..."

இங்கேதான் முதல் முடிச்சு. அவர் ஒரே நோட்டில் இரண்டு காரியம் கேட்க நினைத்திருந்தார். சலிப்பதும் வடிகாலும் இந்தக் கோடையில் நடக்கக்கூடியவை. பிளாங்கெட் அடுக்கு என்பது ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே தேர்ந்தெடுத்த சரளை மண்ணைப் பரப்புவது; பாதையையே கிட்டத்தட்டப் பிரித்துப் போடுகிற பெரிய செலவு. அதற்கு அனுமதி வருஷாந்திர வேலைத் திட்டத்தில் வர வேண்டும். ஒன்று அவசரம், ஒன்று நிரந்தரம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டப் பார்த்தால் பேனா நிற்காமல் என்ன செய்யும்? அதைத் தனி ஃபைலாக எழுதுவோம் என்று எடுத்து வைத்தோம். பாதி பாரம் அப்போதே இறங்கியது.

இரண்டாவது முடிச்சு இன்னும் சுவாரஸ்யமானது. "வடிகால் தண்ணீர் எங்கே போய் விழும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் அடிமட்டம் வடிகால் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று லெவல் எடுக்கவில்லை. மேலே இருந்தால் தண்ணீர் திரும்பி வரும். கேட்டிருக்கும் பணமெல்லாம் பாழ். அவருடைய புத்திக்கு அந்த ஓட்டை உள்ளூரத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஒன்பதாவது வரிக்கு மேல் கை போகவில்லை. அவரோ தன் இங்கிலீஷைத் திட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் லெவல் கருவியோடு போய் அரை நாளில் மட்டம் எடுத்து வந்தார். அன்று சாயங்காலமே ஒன்றரைப் பக்கத்தில் நோட் முடிந்தது. பேனா எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு அளவு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அதன் பிறகு எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

அந்த நோட்டில் எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. "வேகக் கட்டுப்பாட்டால் வண்டிகள் மிகவும் தாமதமாகின்றன" என்று முன்பு எழுதியிருந்தார். 'மிகவும்' என்பது எத்தனை நிமிஷம்? 400 மீட்டர் நீளம், வண்டியின் நீளம் 600 மீட்டர் என்று வைத்தால், கடைசிப் பெட்டி தாண்டும்வரை 1 கிலோமீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 36 வினாடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் 2 நிமிஷம். வித்தியாசம் 84 வினாடி. ஒரு நாளைக்கு 60 வண்டி என்றால் 84 நிமிஷம். பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுக்கிற நேரம் இதில் சேரவில்லை. 'மிகவும்' என்று எழுதிவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தவித்தவர், 84 என்று எழுதியதும் அடுத்த வரியைத் தானாகவே எழுதினார். எண்ணுக்கு அந்தக் குணம் உண்டு. பின்னால் ஒரு வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வரும்.

ஆபீஸ் ஃபைல் பார்க்காதவர்களுக்காக ஒரு விவரம். சர்க்கார் ஃபைலில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வந்த கடிதங்கள், போன கடிதங்கள். மறுபக்கம் பச்சை நிறத் தாள். அதில்தான் நோட் எழுதி, கடைசியில் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மேலே அனுப்புவோம். எல்லோரும் மேலிருந்து கீழே எழுதி அந்த வரிக்கு வரப் பார்க்கிறார்கள். நான் அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். எதற்கு உத்தரவு? பணம் ஒதுக்கவா, ஆள் அனுப்பவா, வெறும் தகவலுக்கா? அதை எழுதிவிட்டால் மேலே என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது தெரிந்துவிடும். கரிசல் மண்ணின் குணங்கள் வேண்டாம். 'யாவரும் அறிந்ததே' என்றால் எதற்கு எழுத வேண்டும்?

பண விஷயமானால் நோட் எங்கள் இன்ஜினியரிங் ஆட்களோடு நிற்காது, கணக்கு இலாகாவுக்குப் போகும். அங்கே இருப்பவருக்கு ஜல்லி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் கேட்பது எப்போதும் நாலைந்து கேள்விதான். செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதைவிடச் சிக்கனமான வழி இல்லையா? எந்தத் தலைப்பில் செலவு? போன முறை செய்தது எப்போது? சிலருக்கு அவர்மேல் கோபம் வரும். எனக்கு அவர்மேல் மரியாதை. எழுத வராதபோது அவருடைய கேள்விகளைப் பென்சிலால் எழுதி, கீழே கீழே பதில் போட்டுக்கொண்டே போவேன். பிறகு கேள்விகளை அடித்துவிட்டால் மிச்சம் இருப்பது நோட்.

எழுத்துத் திறமைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு ரயில்வேயிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1909-ல் ஓகில் சந்திர சென் என்ற பயணி சாஹிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதம். டில்லியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போனவர், கார்டு விசில் ஊதி வண்டியை விட்டுவிட்டதால் ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து, எல்லோர் எதிரிலும் மானம் போனது என்று எழுதியிருக்கிறார். அந்த கார்டுக்குப் பெரிய அபராதம் போட வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்கிறார். இலக்கணம் தாறுமாறு. அந்தக் கடிதத்தால்தான் வண்டிகளில் கழிப்பறை வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பெருமையை நான் அளந்து பார்த்ததில்லை. எனக்கு அதில் முக்கியம் வேறு. எந்த ஸ்டேஷன், என்ன நடந்தது, யார் செய்தது, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் சில வரிகளில் இருக்கின்றன. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. இப்படி ஒரு கடிதத்தை எம்.ஏ. படித்தவர்கள் எழுதித் தர நான் வாரக்கணக்கில் காத்திருந்ததுண்டு.

தடம் புரண்ட இடத்தில் எழுதும் கூட்டு அறிக்கையையும் சொல்ல வேண்டும். பாதை, வண்டி, ஓட்டுநர் என்று ஒவ்வொரு இலாகாவின் மேற்பார்வையாளரும் அங்கேயே சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது. இரவு இரண்டு மணி, மழை, டார்ச் வெளிச்சம், மேலிருந்து போன்மேல் போன். அங்கே யாருக்கும் பேனா நின்று நான் பார்த்ததில்லை. காரணம், அதில் முதலில் அளவுகள். 3 மீட்டருக்கு ஒரு இடமாகக் குறித்து, தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, இரண்டுக்கும் மட்ட வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொண்டே போக வேண்டும். அபிப்பிராயம் கடைசியில்தான். சண்டையும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வரும், அது வேறு கதை. மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது மட்டும் நாம் அபிப்பிராயத்தில் தொடங்குகிறோம்.

பழைய ஃபைலைப் பார்த்து எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல பழக்கம்தான்; எந்த வரிசையில் சொல்வது என்று தெரியும். ஆனால் வாக்கியத்தை அப்படியே எடுப்பது ஆபத்து. பழைய நோட்டை அப்படியே எழுதி, பழைய கிலோமீட்டர் எண்ணையும் விட்டுவைத்து, இல்லாத இடத்துக்கு ஜல்லி கேட்ட ஃபைலும் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

இதுவரை சொன்னது ஜல்லியும் நிமிஷமும். சில காகிதங்களில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கும். வேறொரு கோட்டத்தில் டிராக் மெயின்டெயினராக இருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவர், மாமா வீட்டுக்கு வந்த இடத்தில் என்னைத் தேடி வந்தார். கையில் எஸ்.எஃப்.-11 என்ற குற்றச்சாட்டுக் கடிதம். 1968-ஆம் வருஷத்து ஒழுங்கு விதிகளின்படி சிறு தண்டனைக்கான நோட்டீஸ் அது. பதில் சொல்ல 10 நாள். 'சிறு' என்று பெயரே தவிர, இன்கிரிமென்ட்டை நிறுத்தலாம், பாஸை நிறுத்தலாம், பதவி உயர்வைத் தள்ளலாம். வந்த அன்று எட்டாம் நாள். ஒரு வரிகூட எழுதவில்லை.

குற்றச்சாட்டு, இரவு ரோந்தில் குறிப்பிட்ட தேதியில் முழுத் தூரமும் நடக்கவில்லை என்பது. கையில் கொடுத்திருந்த ஜி.பி.எஸ். கருவி நடுவழியில் நின்றுவிட்டதாகக் காட்டியிருக்கிறது. அவர் சொன்னார்: "சார், அன்னிக்கு என்ன குளிர் தெரியுமா. மூணு வருஷமா ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. அந்த மேஸ்திரிக்கு முதல்லேர்ந்தே என்மேல ஆகாது..." அரை மணி நேரம் கொட்டினார். கொட்டட்டும் என்று விட்டேன். அத்தனையையும் ஒரு பதிலில் அடக்க நினைத்தால் எவனுக்கும் எழுத வராது. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடிதத்தில் கேட்டது ஒன்றுதான்: நடந்தாயா, இல்லையா?

"நடந்தேன் சார். கருவியில பேட்டரி போயிடுச்சு."

"நடந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

யோசித்தார். ரோந்துக்காரர் கையில் ஒரு புத்தகம் இருக்கும். போய்ச் சேர்ந்த ஸ்டேஷனில் மாஸ்டர் நேரம் போட்டு அதில் கையெழுத்திடுவார். "அன்னிக்குப் போட்டார் சார், 2.50-னு போட்டார்" என்றபோதுதான் அவருக்கே அதன் மதிப்பு தெரிந்தது. இத்தனை நாள் அந்தப் புத்தகம் அவர் நினைவுக்கே வரவில்லை. அநியாயம் என்ற நினைப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

பதிலை ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ கொடுக்கலாம். 1976-ஆம் வருஷத்து ஆட்சிமொழி விதியில் ஊழியர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. தமிழுக்கு அங்கே இடமில்லை. முதலில் தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொன்னேன். குற்றச்சாட்டை மறுக்கிறேன். அன்று இன்ன நேரத்தில் புறப்பட்டு இன்ன ஸ்டேஷனை 2.50-க்கு அடைந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து ரோந்துப் புத்தகத்தில் உள்ளது, நகல் இணைத்திருக்கிறேன். கருவியின் பேட்டரி தீர்ந்ததை மறுநாள் காலை ஒப்படைக்கும்போது தெரிவித்தேன். ஆகவே குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுகிறேன். ஐந்தே வாக்கியம். ஹிந்தியில் அவரே எழுதினார். எழுத்துப் பிழைகளில் இரண்டை மட்டும் திருத்தினேன். குளிரும் மேஸ்திரியும் உள்ளே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, குற்றச்சாட்டு கைவிடப்பட்டதாக அவருடைய மாமா சங்கத்தில் வந்து சொன்னார்.

இந்தக் கொட்டித் தீர்ப்பது ஒரு வைத்தியம்தான் என்பது என் எண்ணம். பெண்களிடமும் இதையே பார்க்கிறேன். கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் வருஷக் கடைசியில் தன் வேலையைப் பற்றித் தானே எழுத வேண்டும்; ஒரு வாரம் முகம் வாடித் திரிவாள். தன்னைத் தானே புகழ்ந்து எழுத நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூச்சம். "புகழாதே, தேதி போடு. எந்த மாதம் என்ன முடித்தாய் என்று மட்டும் அம்மாவிடம் சொல், நான் குறித்துக்கொள்கிறேன்" என்றேன். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னதால் கம்ப்யூட்டர் பாஷை எல்லாம் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய பதினோரு வரியை அவள் இங்கிலீஷாக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு வரி குறித்து வைக்கிறாள். நாங்கள் டிராலியில் போகும்போது கி.மீ. எண்ணோடு டைரியில் குறித்ததும் அதுதான். டைரி உள்ளவனுக்கு வெள்ளைத் தாள் என்று ஒன்று கிடையாது.

இப்போது ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டரில். இ-ஆபீஸ் என்று பெயர். திரையிலும் நோட் பச்சையாகத்தான் இருக்கிறது. பச்சை நோட்டை எழுதி அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஆனால் அதற்கு முன் மஞ்சள் நோட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேண்டியபடி திருத்தலாம், அழித்தும் விடலாம், சரியானதும் பச்சையாக்கலாம். பலபேர் நேராகப் பச்சையிலேயே எழுத உட்கார்ந்து, கையெழுத்துப் பயத்தில் விரல் நடுங்குகிறார்கள். முதல் நாள் மஞ்சளில் தப்பும் தவறுமாகக் கடைசிப் பத்தியிலிருந்து எழுதிவிட்டு, மறுநாள் காலை வாய்விட்டுப் படித்துப் பார்த்து மாற்றுங்கள். படிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை இரண்டாக்குங்கள். ஃபைல் இல்லாத உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குப் பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். நல்ல தாளைக் கண்டால்தான் பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில்தான் இருக்கிறேன். எழுத வேண்டிய காகிதம் இருந்தால் கொண்டு வரலாம். வரும்போது வந்த கடிதத்தின் நகல், தேதிகள், உங்கள் டைரி இவை கையில் இருக்கட்டும். பதில் கொடுக்கக் கெடு இருந்தால் எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.